மலக்குடல் எம்ஆர்ஐ: படத்தைத் தெளிவாக்கும் ஏஐ... எவ்வளவு நம்பலாம்?

வேலப்பன்சாவடி மாதிரி மருத்துவக் கல்லூரி இருக்கும் புறநகரோ, சிட்டிக்குள் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியோ, மலக்குடல் புற்றுநோய் என்று தெரிந்ததும் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள். 'கொலோனோஸ்கோபி தான் பார்த்தாச்சே, இது எதுக்கு?' என்று கேட்பவர்கள் நிறைய.

விஷயம் 1 மில்லிமீட்டரில் இருக்கிறது. மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பும், அதற்கு வெளியே மெல்லிய உறையும் உண்டு. கட்டிக்கும் அந்த உறைக்கும் இடையே 1 மி.மீ. கூட இல்லை என்றால், நேராக ஆபரேஷனுக்குப் போகாமல் முதலில் கதிர்வீச்சு, கீமோ கொடுப்பதுதான் வழக்கம். ஐரோப்பாவில் 408 நோயாளிகளிடம் நடந்த 'மெர்குரி' ஆய்வு 2006-ல் வெளியானது. ஆபரேஷனில் வெட்டிய விளிம்பு சுத்தமாக இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கு, அதை எம்ஆர்ஐ முன்கூட்டியே சரியாகச் சொல்லியிருந்தது.

ஆனால் படம் தெளிவாக இருக்கணுமே!

அங்கேதான் சிக்கல். இதற்கு 3 மி.மீ. அளவுக்கு மெல்லிய துண்டுகளாகப் படம் எடுக்கணும். துண்டு மெலிந்தால் சிக்னல் குறையும், படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். அதைக் குறைக்க ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி போடுவார்கள். நேரம் நீளும். வலியோடு படுத்திருப்பவர் அசைவார், குடலும் சும்மா இருக்காது. படம் மங்கிவிடும்.

ஏஐ என்ன செய்கிறது?

இரைச்சலான படத்தையும் அதே இடத்தின் தெளிவான படத்தையும் ஜோடி ஜோடியாகக் காட்டி கம்ப்யூட்டரைப் பழக்குகிறார்கள். இதுதான் டீப் லேர்னிங். பழகியபின், குறைந்த நேரத்தில் எடுத்த அரைகுறைத் தகவலிலிருந்தே அது தெளிவான படத்தைக் கட்டும். ஃபேஸ்புக்கும் நியூயார்க் பல்கலைக்கழகமும் 2018-ல் தொடங்கிய 'ஃபாஸ்ட்எம்ஆர்ஐ' திட்டம், முழங்கால் ஸ்கேனில் நாலில் ஒரு பங்கு தகவலே போதும் என்று 2020-ல் காட்டியது. அதே ஆண்டு ஜிஇ நிறுவனத்தின் 'ஏர் ரீகான் டிஎல்' மென்பொருளுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சீமென்ஸ், பிலிப்ஸ் நிறுவனங்களிடமும் இதே மாதிரி மென்பொருள்கள் உண்டு.

ஒன்று, இந்த ஏஐ நோயைக் கண்டுபிடிப்பதில்லை. படத்தைக் கட்டுவது மட்டுமே அதன் வேலை. படித்துச் சொல்வது ரேடியாலஜிஸ்ட்தான்.

அப்போ ஆபத்தே இல்லையா?

இருக்கு. கேம்பிரிட்ஜ், ஓஸ்லோ ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு 2020-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இப்படிக் கட்டும் படத்தில் சின்ன மாற்றங்கள் அழிந்துபோகலாம், இல்லாதது தோன்றவும் செய்யலாம். வழவழப்பாக இருக்கும் படம் எல்லாம் உண்மையான படம் இல்லை. 1 மி.மீ.யை வைத்து முடிவெடுக்கும் இடத்தில் இது சின்ன விஷயமா என்ன? கதிர்வீச்சு முடிந்து மறுபடி ஸ்கேன் எடுக்கும்போது இன்னும் கஷ்டம். மிச்சமிருப்பது தழும்பா, கட்டியா என்பதே அப்போது கேள்வி.

குடலில் இருக்கும் வாயுவால் படம் கோணலாவதையும், நோயாளி அதிகம் அசைந்ததையும் ஏஐ முழுசாகச் சரிசெய்யாது.

ஸ்கேனுக்குப் போகும்போது கொலோனோஸ்கோபி ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். கட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தான், அதற்குச் செங்குத்தாகத் துண்டு போட முடியும். பழைய ஸ்கேன் சிடி இருந்தால் அதையும் கொடுங்கள்.