அமைதி வாயுவும் அறிவியல் பொன்னுலகும்: 'திங்ஸ் டு கம்' (1936) திரைப்படத்தின் உள்முரண்

எச். ஜி. வெல்ஸ் திரைக்கதை எழுதிய 'திங்ஸ் டு கம்' 1936இல் இலண்டனில் வெளியானது. அலெக்சாண்டர் கோர்டா தயாரிக்க, வில்லியம் கேமரன் மென்சீஸ் இயக்கினார். ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபொலிஸ்' 1927இல் வெளிவந்தபோது அதைக் கடுமையாகச் சாடி எழுதியவர் வெல்ஸ். மேலே செல்வர், கீழே அடிமைத் தொழிலாளர் என்னும் நகரக் காட்சியை அவர் ஏற்கவில்லை. இயந்திரம் உழைப்பாளியை விடுவிக்கும் என்பதே அவர் கொள்கை. தம் படக்குழுவினருக்கு அளித்த குறிப்பிலும் லாங் செய்ததற்கு நேர்மாறானதையே செய்ய வலியுறுத்தினார். ஆகவே இப்படம் ஒரு மறுப்புரையாகவே பிறந்தது எனலாம்.

படத்தில் 1940 கிறிஸ்துமஸ் காலத்தில் தொடங்கும் போர் பல்லாண்டுகள் நீடிக்கிறது. கொள்ளைநோய் பரவுகிறது; 'எவ்ரிடவுன்' நகரம் ஒரு குறுநிலத் தலைவனின் பிடியில் விழுகிறது. 1970இல் விமானத்தில் வந்திறங்கும் ஜான் கபால், பாஸ்ராவைத் தலைமையிடமாகக் கொண்ட விமானிகள், பொறியாளர்கள் அமைப்பின் சார்பில் பேசுகிறார். தலைவன் அவரைச் சிறையிடவே, வானிலிருந்து 'அமைதி வாயு' வீசப்படுகிறது. மக்கள் மயங்கி விழுகின்றனர், தலைவன் இறந்துகிடக்கிறான். விழித்தெழுவோர் முன் புதிய ஆட்சி நிற்கிறது. தேர்தலோ விவாதமோ அங்கு நிகழவில்லை. புத்துலகிற்கும் மக்களுக்கும் இடையே நிகழ்ந்தது உறக்கம் மட்டுமே.

பாஸ்ரா என்ற இடத்தேர்வு இங்குக் கவனத்திற்குரியது. ஈராக்கை விமானப்படையைக் கொண்டே கட்டுப்படுத்தும் திட்டத்தை 1921ஆம் ஆண்டுக் கெய்ரோ மாநாட்டில் ஏற்ற பிரிட்டன், 1922 முதல் அதை நடைமுறைப்படுத்தியது. பணியாத சிற்றூர்கள் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. 1932இல் ஈராக் விடுதலை பெற்ற பின்னரும் பாஸ்ராவை அடுத்த ஷைபா விமானத்தளம் பிரிட்டனின் பயன்பாட்டிலேயே இருந்தது. வெல்ஸ் இதை எண்ணியே எழுதினார் என்று கொள்ள வேண்டியதில்லை. எனினும், குறைந்த செலவில் வானிலிருந்து ஒழுங்கை நிலைநாட்டலாம் என்னும் எண்ணம் அன்றைய பேரரசு நிருவாகத்தில் வேரூன்றியிருந்தது. குண்டின் இடத்தில் வாயுவை வைத்ததே படம் செய்த திருத்தம். போரை ஒழிக்க வந்தவர்கள் போரின் கருவியைக் கைவிடவில்லை.

2036இல் வறுமையும் நோயும் அகன்ற நிலத்தடி நகரில், தியோட்டோகோபுலோஸ் என்னும் சிற்பி நிலவுப் பயணத்தை எதிர்த்து மக்களைத் திரட்டுகிறார். முன்னேற்றத்திற்கு ஓய்வே இல்லையா என்ற அவருடைய வினா பொருளற்றதன்று. படம் அவ்வினாவை எழுப்ப அனுமதிக்கிறது. அதனோடு வாதிட மறுக்கிறது. லாங்கின் தொழிலாளருக்காவது இறுதியில் ஒரு கைகுலுக்கல் கிடைத்தது. இங்கு எதிர்ப்பாளர்க்குக் கிடைப்பது அதிர்வலை பற்றிய எச்சரிக்கை மட்டுமே. விண்பீரங்கி வெடித்தபின் படம் அக்கூட்டத்தை விட்டு விண்மீன்களின் பக்கம் திரும்பிவிடுகிறது.