ஹரர் நகரின் காப்பி: ஒரு வரலாற்றுப் பார்வை



சுப்ஹுத் தொழுகை முடிந்து வீடு திரும்பியதும் நம் கைக்கு முதலில் வந்து சேர்வது ஒரு குவளை காப்பியாகும். நாள்தோறும் நாம் அருந்தும் இப்பானத்தின் பெயரும் பயணமும் முஸ்லிம்களின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தவை. அப்பயணம் தொடங்கிய நாட்டையும், அந்நாட்டின் பழம்பெரும் முஸ்லிம் நகரமான ஹரரையும், அதன் காப்பியையும் பற்றிச் சிறிது காண்போம்.

பிறந்த மண்

ஸ்வீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் இச்செடிக்கு ‘காஃபியா அராபிகா’ எனப் பெயரிட்டார். அரபு நாட்டின் பெயரைச் சூட்டினாலும், இதன் தாயகம் எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகளேயாகும். நபித்தோழர்களுக்கு அடைக்கலம் அளித்த மன்னர் நஜ்ஜாஷி ஆண்ட ஹபஷா என நாம் அறிந்திருக்கும் நாடும் இதுவே. காப்பிப் பழத்தைத் தின்ற ஆடுகள் துள்ளிக் குதித்ததைக் கண்டு இடையன் வியந்தான் என்னும் கதையைப் பலரும் கூறுவர். அது 1671-இல் ரோம் நகரில் அச்சான நூலொன்றின் வழியே பரவியதாகும். எனவே அதனை வரலாறாகக் கொள்வதற்கில்லை.

உறுதியாக அறியக் கிடைப்பது யாதெனில், 15-ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டு சூஃபிகள் இரவு வணக்கத்தில் உறக்கத்தை விலக்க இப்பானத்தை அருந்தினர் என்பதாகும். அப்துல் காதிர் அல்ஜஸீரி 1558-இல் காப்பியைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதி, இச்செய்திகளைத் தொகுத்துள்ளார்.

மக்காவில் எழுந்த வழக்கு

1511-இல் மக்காவின் முஹ்தஸிபாக இருந்த கைர் பேக், மார்க்க அறிஞர்களையும் மருத்துவர்களையும் கூட்டிக் காப்பிக்குத் தடை விதித்தார். மூட்டை மூட்டையாகக் காப்பி எரிக்கப்பட்டது. ‘கஹ்வா’ என்னும் சொல் பழைய அரபு மொழியில் மதுவையும் குறித்ததும், காப்பி அருந்தக் கூடிய இடங்களில் வீண் கேளிக்கைகள் நிகழ்ந்ததும் ஐயத்தை வளர்த்தன. ஆனால் கெய்ரோவிலிருந்து வந்த சுல்தானின் ஆணை, தகாத கூட்டங்களைக் கண்டித்ததேயன்றி, பானத்தை முற்றாகத் தடுக்கவில்லை. பெயர் ஒன்றாக இருப்பதனால் பொருள் ஒன்றாகிவிடாது. ஒரு பொருளை அதன் தன்மையை ஆராய்ந்தே தீர்ப்பிட வேண்டும் என்பதற்கு இவ்வழக்கு நல்லதொரு சான்றாகும்.

ஹரரின் சிறப்பு

கிழக்கு எத்தியோப்பியாவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது ஹரர். ‘ஜுகொல்’ எனப்படும் அதன் மதிலுக்குள் 82 பள்ளிவாசல்கள் உள்ளன. அவற்றுள் மூன்று 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 2006-இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1887-இல் மெனலிக் மன்னர் கைப்பற்றும் வரை இங்கு அமீர்களின் ஆட்சி இருந்து வந்தது; அதற்கு முன் சில ஆண்டுகள் எகிப்தியர் ஆண்டனர்.

நகரைச் சூழ்ந்த மேட்டு நிலங்களில் சிறு விவசாயிகள் காப்பி பயிரிடுகின்றனர். அங்கு நீர் குறைவு. பழத்தின் தோலை உரித்து, ஊறவைத்து, கழுவிக் கொட்டையெடுக்கும் முறை 1970-களில் எத்தியோப்பியாவின் தென்பகுதியில் வேரூன்றியது. ஹரர் மக்களோ பழைய முறையையே பேணி வருகின்றனர். கனிந்த பழங்களைப் பறித்து, முழுப்பழமாகவே வெயிலில் பரப்பி, நாள்தோறும் கிளறிவிட்டு, இரண்டு முதல் நான்கு வாரங்கள் காயவைப்பர். ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டு என்னும் அளவுக்குக் குறைந்த பின்னரே காய்ந்த தோலை நீக்குவர். குவியலாக விட்டாலோ, மழையில் நனைந்தாலோ, பூஞ்சை பிடித்துக் கெட்டுவிடும். ஆகவே பொறுமையே இதன் மூலதனம். நம் மலைத்தோட்டங்களில் இவ்வாறு உலர்த்தியதைச் ‘செர்ரி’ காப்பி என்பர்.

பழத்தோடு சேர்ந்தே உலர்வதால், அதன் இனிமை கொட்டையில் தங்குகிறது. கனிந்த பெர்ரிப் பழத்தின் மணமும், அடர்ந்த சுவையும் ஹரர் காப்பியின் அடையாளங்களாகும். மேலைநாட்டுச் சுவைஞர் சிலர் இதனை மதுவின் மணத்திற்கு ஒப்பிடுவர். இதில் போதை சிறிதும் இல்லை. மக்காவில் எழுந்த பெயர்க் குழப்பமே வேறு உருவில் தொடர்கிறது போலும்!

பெயரும் விலையும்

இக்காப்பி செங்கடல் கடந்து, ஏமனின் மோக்கா துறைமுகப் பெயரிலேயே நெடுங்காலம் விற்கப்பட்டது. இன்றும் ‘மோக்கா ஹரர்’ என்னும் வழக்கு உண்டு. ஏமனிலிருந்து பாபா புதன் என்னும் பெரியார் ஏழு கொட்டைகளைச் சிக்மகளூர் மலைக்குக் கொணர்ந்தார் என்பது நம் நாட்டில் வழங்கும் மரபுச் செய்தி.

ஊரின் பெயர் பிறர்க்குச் செல்வம் ஈட்டித் தந்தபோதிலும், உழவர்க்கு உரிய பங்கு கிட்டவில்லை. 1989-இல் உலகக் காப்பி ஒப்பந்தத்தின் பங்கீட்டு முறை முறிந்தது. 2001-இல் விலை அடியோடு சரிந்தது. ஹரர் விவசாயிகள் பலர் காப்பிச் செடியை வேரோடு பிடுங்கிவிட்டு, மென்று தின்னும் ‘சாத்’ இலையைப் பயிரிட்டனர். காப்பி ஆண்டுக்கு ஒருமுறையே பலன் தரும். சாத் பலமுறை பணம் தரும். பிள்ளைகளின் பசிக்கு முன் அவர்கள் வேறென்ன செய்வர்?

2005-இல் எத்தியோப்பிய அரசு ஹரர், சிடாமோ, யிர்காசெஃபே ஆகிய பெயர்களுக்கு அமெரிக்காவில் வணிக உரிமை கோரியது. அங்குள்ள காப்பி வணிகர் சங்கம் எதிர்த்தது. இறுதியில் 2007-இல் பெருநிறுவனம் ஒன்றுடன் உடன்பாடு ஏற்பட்டது. தம் ஊரின் பெயரும் தம் உழைப்பின் ஒரு பகுதியே என அம்மக்கள் உலகுக்கு உணர்த்தினர்.

அன்பர்களே! அளவையிலும் நிறுவையிலும் நேர்மை பேணுமாறு திருமறை வலியுறுத்துகிறது. நம் ஜமாஅத்திலும் வணிகர் பலர் உள்ளனர். பொருளை விளைவித்தவனின் பெயரையும் பங்கையும் மறைக்காதிருப்பதும் அந்நேர்மையில் அடங்கும். நாளை காலை காப்பிக் குவளையை ஏந்தும்போது, எங்கோ ஒரு மலைச்சரிவில் பழங்களைக் கிளறிக்கொண்டிருக்கும் கைகளையும் நினைவில் கொள்வோமாக. வல்ல அல்லாஹ் உழைப்போர் அனைவரின் ரிஸ்கிலும் பரக்கத் செய்வானாக!