சைட்டோபிளாச வழி மரபுக்கடத்தல்

செல்லின் உட்கருவுக்கு வெளியே, பசுங்கணிகத்திலும் மைட்டோகாண்ட்ரியாவிலும் உள்ள டி.என்.ஏ. வழியாகப் பண்புகள் சந்ததிக்குச் செல்வது சைட்டோபிளாச வழி மரபுக்கடத்தல் எனப்படும். பெரும்பாலான உயிரினங்களில் இது தாய்வழியாகவே நிகழ்கிறது.

இது மெண்டல் விதிகளுக்கு உண்மையான விலக்கு. ஆனால் அப்படி விலக்கு என்று பாடநூல்கள் தரும் பட்டியலில் பல பெயரளவு விலக்குகளே. அந்திமந்தாரையில் சிவப்புப் பூச்செடியை வெள்ளைப் பூச்செடியோடு கலந்தால் முதல் தலைமுறை இளஞ்சிவப்பாகப் பூக்கும். அதற்கடுத்த தலைமுறையில் சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை 1:2:1 என்ற விகிதத்தில் வரும். மெண்டல் பட்டாணியில் கண்ட 3:1 இங்கே இல்லை என்றாலும், காரணிகள் பிரிந்து சேரும் முறை அதுவேதான். ஒரு காரணி மற்றொன்றை முழுதாக மறைப்பதில்லை, அவ்வளவே. ஏ, பி இரண்டும் சேர்ந்து வெளிப்படும் ஏபி இரத்த வகையும் இப்படித்தான்.

உண்மையான விலக்கும் அதே அந்திமந்தாரையில்தான் வெளிப்பட்டது. 1900இல் மெண்டலின் ஆய்வை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த மூவரில் ஒருவரான ஜெர்மானியத் தாவரவியலாளர் கார்ல் கோரன்ஸ், 1909இல் அதை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட செடியில் சில கிளைகளின் இலைகள் பச்சை, சிலவற்றில் வெளிர்வெள்ளை, சிலவற்றில் இரண்டும் கலந்த திட்டுகள். பச்சைக் கிளைப் பூவில் உண்டான விதைகள் பச்சை நாற்றுகளையே தந்தன. மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் இதில் மாற்றமில்லை. வெள்ளைக் கிளையின் விதைகள் வெள்ளை நாற்றுகளாக முளைத்து, பச்சையம் இல்லாததால் மடிந்தன. திட்டுக் கிளையின் விதைகளிலிருந்து மூவகையும் வந்தன, எந்த நிலையான விகிதத்துக்கும் கட்டுப்படாமல். பட்டாணியில் தாயையும் தந்தையையும் இடம் மாற்றிக் கலந்தாலும் விளைவு ஒன்றே. இங்கே தாய்க் கிளையே எல்லாவற்றையும் தீர்மானித்தது.

காரணம் எளிது. பசுங்கணிகங்கள் சூல் முட்டையின் சைட்டோபிளாசத்தோடு வருகின்றன. இச்செடியின் மகரந்தம் அவற்றைக் கொண்டுவருவதில்லை. எனினும் இதைக் கணிகங்களோடு இணைத்து விளக்கியவர் கோரன்ஸ் அல்லர். அதே 1909இல் பெலார்கோனியம் செடியை ஆராய்ந்த எர்வின் பவுர். அச்செடியில் தந்தையின் கணிகங்களும் சந்ததிக்குச் செல்வதால், 'தாய்வழி' என்பதையும் மாறா விதியாகக் கொள்ள முடியாது.

மனித மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. 16,569 கார இணைகளும் 37 மரபணுக்களும் கொண்டது. இதன் வரிசை 1981இல் வெளியானது. இதில் நேரும் பிழையால் வரும் லெபர் பரம்பரைப் பார்வை நரம்பு நோயைத் தாய் தன் மகனுக்கும் மகளுக்கும் கடத்தலாம். நோயுற்ற தந்தையிடமிருந்து பிள்ளைகளுக்கு அது செல்வதில்லை.

வேளாண்மையில் சைட்டோபிளாச வழி மரபுக்கடத்தலின் பெரும்பயன் சைட்டோபிளாச ஆண் மலட்டுத்தன்மை. மகரந்தம் உருவாகாத தாய்ச்செடி தன்மகரந்தச் சேர்க்கை செய்யாது என்பதால் வீரிய ஒட்டு விதை தயாரிப்பு எளிதாகிறது. சீனாவின் ஹைனான் தீவில் 1970இல் கண்டெடுத்த ஆண் மலட்டுக் காட்டு நெல்லே வீரிய ஒட்டு நெல்லுக்கு வழிதிறந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் இதன் மறுபக்கம் தெரிந்தது. அங்கே மக்காச்சோளப் பரப்பில் சுமார் 85 விழுக்காடு 'டெக்சாஸ்' சைட்டோபிளாசம் கொண்ட பயிர். மலட்டுத்தன்மை தந்த அதே மைட்டோகாண்ட்ரிய மரபணு, இலைக் கருகல் பூஞ்சையின் நச்சுக்கும் பயிரை இலக்காக்கியது. விளைச்சலில் ஏறத்தாழ 15 விழுக்காடு அழிந்தது. விதை நிறுவனங்கள் டெக்சாஸ் சைட்டோபிளாசத்தைக் கைவிட்டு, ஆண் பூங்கொத்தை ஒடித்தெடுக்கும் பழைய முறைக்கே திரும்பின.