பிரிய மறுக்கும் நட்டும் போல்ட்டும்: துருவுக்குப் பின்னால் ஒரு சரித்திரம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகும்போது, கோவளம் தாண்டியதும் வருகிற ஊர் திருவிடந்தை. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான நித்யகல்யாணப் பெருமாள் கோயில் இங்கேதான் இருக்கிறது. காலவ முனிவரின் 360 பெண்களையும் நாளுக்கு ஒருவராகப் பெருமாள் மணந்துகொண்டார் என்பது தலபுராணம். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் இன்றைக்கும் மாலையோடு வந்து வேண்டிக்கொள்கிறார்கள்.

சேர்த்து வைப்பதற்குப் பேர் போன இந்த ஊரின் கடற்காற்றுக்கும் அதே குணம் உண்டு! ஒரு நட்டையும் போல்ட்டையும் பத்து வருடம் இந்தக் காற்றில் விட்டுப் பாருங்கள். பிறகு யார் வந்தாலும் பிரிக்க முடியாது.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது விளையாட்டு விஷயமில்லை. ஒரு பழைய புல்லட்டோ ஹெரால்டோ பிழைக்குமா, இரும்புக் கடைக்குப் போகுமா என்பதை எஞ்சினை விடப் பல நேரங்களில் ஒரு போல்ட்டுதான் முடிவு செய்கிறது. அது கழன்றால் வேலை நூறு ரூபாயில் முடியும். தலை உருண்டு போனாலோ, உள்ளே உடைந்து போனாலோ லேத் பட்டறை, வெல்டிங், கேஸ் வெட்டு என்று வேலை இழுத்துக்கொண்டே போகும். 2021ல் மத்திய அரசு 50 வயது தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. வண்டி பெரிய மாற்றம் இல்லாமல் அதன் பழைய உருவத்திலேயே இருக்க வேண்டும் என்பது அதில் நிபந்தனை. ஆக, வெட்டி எறிந்தால் போயிற்று என்று இருக்க முடியாது.

துரு மட்டும்தானா இதற்குக் காரணம்? பாதிக் காரணம்தான். மீதிப் பாதி சரித்திரம்!

உப்புக் காற்றின் வேலை

முதலில் துருவைப் பார்ப்போம். இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதிகம் பேசப்படாத விஷயம், துருவானது தான் உருவான இரும்பை விடப் பல மடங்கு அதிக இடம் கேட்கும் என்பது. நட்டின் மரைக்கும் போல்ட்டின் மரைக்கும் நடுவே தலைமுடி அளவுக்குத்தான் இடைவெளி இருக்கிறது. அதற்குள் துரு வளர்ந்தால் வெளியே போக வழி கிடையாது, ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும்.

கடற்கரையில் இது வேகமாக நடப்பதற்கு உப்புதான் காரணம். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது சுமார் 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீர்த்துவிடும். அதனால் கடலோர ஊரில் நிற்கும் வண்டியின் போல்ட்டு, பார்வைக்குக் காய்ந்த மாதிரி இருந்தாலும் உண்மையில் காய்வதே இல்லை. கேளம்பாக்கத்து உப்பளங்களில் பாத்தி கட்டி எடுக்கிற உப்பை, கடற்காற்று இலவசமாகவே வண்டி மேல் தூவிவிட்டுப் போகிறது!

இந்தப் பிரச்சினை ஒரு வண்டியோடு நிற்பதில்லை. 1914ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் நூறு வருடங்களுக்கு மேல் இதே துருவோடு போராடியது. அங்கே 2025ல் திறந்த புதிய பாலத்தை அரிப்பைத் தாங்கும் விசேஷப் பூச்சோடு கட்டினார்கள். காரைக்குடியில் 1953ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், பாம்பனுக்குப் பக்கத்தில் மண்டபத்திலேயே ஓர் அரிப்புச் சோதனை நிலையம் வைத்திருக்கிறது. அந்த நிலையத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார்.

மூன்று நாட்டு மரைகள்

இனி சரித்திரம். 1841க்கு முன்பு இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்குப் பிடித்த மாதிரி மரை வெட்டியது. ஒரு பட்டறை நட்டு இன்னொரு பட்டறை போல்ட்டில் ஏறாது. அந்த வருடம் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர், எல்லோரும் ஒரே அளவைப் பின்பற்றலாம் என்று ஒரு திட்டம் கொடுத்தார். மரையின் கோணம் 55 பாகை. உலகின் முதல் தேசியத் திருகு மரைத் தரம் என்று இதைச் சொல்வார்கள். 1864ல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ், 55 பாகையை வெட்டுவது கஷ்டம் என்று சொல்லி 60 பாகையில் ஒரு மரை கொண்டுவந்தார். ஐரோப்பா மெட்ரிக் மரைக்குப் போனது.

இரண்டாம் உலகப் போரில் இதன் விலை தெரிந்தது. ஒரே அணியில் போரிட்ட அமெரிக்காவின் தளவாடத்துக்கு பிரிட்டனின் போல்ட்டு பொருந்தவில்லை. போர் முடிந்து 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் வாஷிங்டனில் ஒரு பொது மரைக்கு ஒப்புக்கொண்டன. கோணம் 60 பாகை, அளவு மட்டும் அங்குலம். (2018 ஏப்ரலில் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்தது இதே திருவிடந்தையில்தான் என்பது இங்கே ஒரு கொசுறு!)

இந்த மூன்று மரைகளும் வந்து குவிந்த இடங்களில் ஒன்று நம் மெட்ராஸ். 1948ல் தொடங்கப்பட்டு எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிய அசோக் மோட்டார்ஸ், 1955ல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட் தயாரித்தது. வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961லிருந்து ஹெரால்டு கார் தயாரித்தது. பழைய புல்லட்டில் விட்வொர்த் வகை மரைகளும் சைக்கிள் மரையும் கலந்திருக்கும். ஹெரால்டோ பொது மரைக் காலத்து வண்டி.

இந்தியா 1956ல் சட்டம் போட்டு மெட்ரிக் அளவுக்கு மாறியது. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டிகளின் மரை சட்டத்தைக் கேட்டு மாறுமா என்ன? 1983ல் மாருதியும் 1984ல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகியும் வந்த பிறகு ஜப்பானிய மெட்ரிக் போல்ட்டுகள் ஊரெல்லாம் பரவின. மெக்கானிக்கின் டூல் பாக்ஸில் 10, 12, 14, 17 என்ற மெட்ரிக் ஸ்பேனர்கள் உட்கார்ந்துகொண்டன. பழைய அங்குல ஸ்பேனர்கள் மெல்ல மெல்ல எடைக்குப் போய்விட்டன.

பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

உருண்ட தலைகள்

கால் அங்குல விட்வொர்த் ஸ்பேனர் என்றால் வாய் கால் அங்குலம் இருக்காது. அந்த எண் போல்ட்டின் தடிமனைக் குறிப்பது. ஸ்பேனரின் வாய் 0.525 அங்குலம், அதாவது சுமார் 13.3 மி.மீ. இதற்கு 13 ஸ்பேனர் ஏறாது. 14 ஸ்பேனர் ஏறும், ஆனால் முக்கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஆடும். துருப்பிடித்த போல்ட்டில் இந்த ஆட்டம் போதும். ஆறு முனைகளும் மழுங்கித் தலை உருண்டுவிடும். துரு செய்யாததை ஸ்பேனர் செய்து முடித்துவிடும்!

இன்னொரு கூத்தும் உண்டு. கால் அங்குல விட்வொர்த், கால் அங்குல அமெரிக்க மரை இரண்டிலும் அங்குலத்துக்கு 20 மரைதான். கோணம் மட்டும் 55க்கு 60. அதனால் ஒன்று மற்றொன்றில் ஏறுகிற மாதிரி ஏறி, பிறகு சிக்கிக்கொள்ளும். முப்பது வருடத்துக்கு முன்னால் யாரோ அவசரத்தில் மாட்டிய தவறான போல்ட்டு, இன்றைக்குக் கழற்றுகிறவர் கையில் உடைகிறது. பழி மட்டும் துருவுக்கு.

அதனால் பழைய வண்டியில் கை வைப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது எந்த நாட்டு மரை?" என்பதுதான். சில பழைய லாரிகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடது மரை என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கழற்றுவதாக நினைத்து முடுக்கிக்கொண்டே இருப்போம்.

அடி மேல் அடி

சரி, கழற்றுவது எப்படி? முதலில் கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையைச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு எண்ணெய். மண்ணெண்ணெய் கலந்த எண்ணெயிலிருந்து கடையில் விற்கும் ஸ்ப்ரே வரை எதுவும் உதவும். பலரும் பெயர் சொல்லி வாங்கும் டபிள்யூ.டி.-40 போல்ட்டு கழற்றப் பிறந்ததே இல்லை. 1953ல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், ராக்கெட் பாகங்களில் நீர் தங்காமல் விரட்டுவதற்காகச் செய்த நாற்பதாவது முயற்சி அது, பெயரில் உள்ள 40 அதுதான்! எந்த எண்ணெயாக இருந்தாலும் அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். ராத்திரி ஊற்றிவிட்டுக் காலையில் வருவது நல்லது.

அடுத்து, அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அதுதான். போல்ட்டின் தலையில் சுத்தியலால் நேராகச் சின்னச் சின்ன அடிகள். ஒவ்வோர் அதிர்விலும் துரு நொறுங்கி, எண்ணெய் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். பிறகு சரியான அளவு ரிங் ஸ்பேனரையோ பாக்ஸ் ஸ்பேனரையோ போட்டு, முதலில் லேசாக முடுக்கும் பக்கம் ஓர் அசைவு, பிறகு கழற்றும் பக்கம். கொஞ்சம் அசைந்ததும் ஒரேயடியாகக் கழற்றாமல் முன்னும் பின்னுமாக எண்ணெய் விட்டு விட்டு வர வேண்டும்.

பலரும் செய்யும் தவறு, ஸ்பேனரில் நீளமான பைப்பைச் செருகி அழுத்துவது. 8 மி.மீ சாதாரணப் போல்ட்டை முடுக்க சுமார் 25 நியூட்டன் மீட்டர் போதும். ஓர் அடி ஸ்பேனரில் 20 கிலோ அழுத்தினாலே அது 60ஐத் தொடும். பைப்பும் சேர்ந்தால் போல்ட்டு கழலாது, அறுந்துதான் வரும்.

அதற்கும் அசையாவிட்டால் சூடு. நட்டைச் சூடாக்கினால் அது விரியும். 12 மி.மீ இரும்புக்கு 300 டிகிரி ஏற்றினால் கிடைப்பது 0.04 மி.மீதான், ஆனால் துருவின் பிடியை உடைக்க அது போதும். சூட்டோடு மெழுகுவர்த்தியை மரையில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: பெட்ரோல் டேங்க், பிரேக் பைப் பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது. துத்தநாக முலாம் பூசிய போல்ட்டைச் சூடாக்கினால் வரும் புகை உடம்புக்குக் கெடுதல். புல்லட் எஞ்சின் கூட்டைப் போல அலுமினியமாக இருந்தால் இன்னும் ஜாக்கிரதை, அது சிவக்காமலேயே 660 டிகிரிக்குள் உருகிவிடும்.

தலை உருண்டே போய்விட்டதா? அதன்மேல் ஒரு புது நட்டை வெல்டிங் வைத்துத் திருப்பலாம். அந்தச் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். நட்டை உளியால் பிளந்தும் எடுக்கலாம், நட்டு போனாலும் ஸ்டட் பிழைக்கும். நடுவில் துளை போட்டு எடுப்பது கடைசி வழி.

கழன்று வந்த பிறகும் வேலை முடிவதில்லை. மரையைச் சுத்தம் செய்து, அதே நாட்டு மரை கொண்ட போல்ட்டையே தேடி, கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். கிடைக்கவில்லை என்று கைக்கு வந்ததைத் திணித்தால், இன்னும் முப்பது வருடம் கழித்து யாரோ ஒருவர் இதே கடற்காற்றில் உட்கார்ந்துகொண்டு நம்மைத் திட்டுவார். அவர் கையில் அந்த வண்டி பிழைக்க வேண்டுமென்றால், இன்றைக்கு மாட்டுகிற போல்ட்டைச் சரியாக மாட்டினால் போதும்.