32 கிலோபைட்டில் ஒரு பிரபஞ்சம்

1984 செப்டம்பரில் பிபிசி மைக்ரோ கணினிக்கு வெளிவந்த ‘எலைட்’, விண்வெளியில் மனம்போல் சுற்றித் திரியவிட்ட வீடியோ கேம்களில் முன்னோடி. உருவாக்கியவர்கள் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும். கணினியின் நினைவகமோ வெறும் 32 கிலோபைட். அதற்குள் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள்! இவற்றின் பட்டியல் எங்கும் சேமித்து வைக்கப்படவில்லை. ஒரு தொடக்க எண்ணிலிருந்து கணக்குப் போட்டே கோளின் பெயர், ஆட்சிமுறை, பொருளாதாரம் எல்லாம் அவ்வப்போது உருவாயின. எண் மாறாததால், திரும்பிப் போனாலும் அதே கோள்தான்.

கையில் 100 கிரெடிட் ஆட்டப் பணத்துடன், லேவ் என்ற கோளின் விண்வெளி நிலையத்தில் ஆட்டம் தொடங்கும். கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகளாலான கப்பல்கள், கீழே வண்ணக் கருவிப் பலகை. சுழலும் நிலையத்தின் குறுகிய வாயிலில் நுழையத் தெரியாமல் புதியவர்கள் மோதிச் சிதறினர். மதிப்பெண்ணும் மூன்று உயிர்களும் இல்லாத ஆட்டம் அன்று விசித்திரமே. அதனால் தோர்ன் இஎம்ஐ நிறுவனம் இதை நிராகரித்தது. ஏகார்ன்சாஃப்ட் நிறுவனம் துணிந்து வெளியிட்டது.