தெசிமாவின் அன்றாடப் பேச்சு: ஜப்பானிய – டச்சு மொழிபெயர்ப்பு வரலாற்றில் வழக்குத் தொடர்களின் இடம்

முன்னுரை

மொழிபெயர்ப்பு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நூல்களையும் கலைச்சொற்களையும் முதன்மையாகக் கொள்வர். ‘நீர் வேண்டுமா?’, ‘இது உமக்குப் பிடிக்குமா?’ என்பன போன்ற அன்றாடத் தொடர்கள் எளியவை என்றும், அவற்றை மொழிபெயர்ப்பதில் சிக்கல் எதுவும் இல்லை என்றும் கருதுவது இயல்பு. ஜப்பானியரும் டச்சுக்காரரும் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக நடத்திய மொழி உறவு இக்கருத்தை மறுக்கிறது. அங்கு உடற்கூற்று நூல் மொழிபெயர்க்கப்பட்ட பின்னரே பேச்சுத் தொடர்களுக்கு முறையான அகராதி அமைந்தது. இந்நிலை ஏற்பட்டதன் காரணங்களையும், பேச்சு வழக்கை அடிப்படையாகக் கொண்ட அகராதி பெற்ற சிறப்பையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

தெசிமாவும் மொழிபெயர்ப்பாளர் குடிகளும்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1609-இல் ஹிராதோவில் தன் வணிக நிலையத்தை நிறுவியது. 1639-இல் போர்த்துக்கீசியர் ஜப்பானிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1641-இல் டச்சுக்காரர் நாகசாகித் துறைமுகத்தில் அமைந்த தெசிமா என்னும் செயற்கைத் தீவுக்கு மாற்றப்பட்டனர். விசிறி வடிவிலான அச்சிறு தீவே அடுத்த இரு நூற்றாண்டுகளுக்கு ஐரோப்பியர் தங்குவதற்கு ஜப்பானில் ஒதுக்கப்பட்ட இடமாக இருந்தது.

டச்சுக்காரர் ஜப்பானிய மொழியைக் கற்பதை ஜப்பானிய அரசு ஊக்குவிக்கவில்லை. ஆகவே மொழிபெயர்ப்புச் சுமை முழுவதும் ஜப்பானியர் மீதே விழுந்தது. ‘ஒராந்த த்சூஜி’ என வழங்கப்பெற்ற டச்சு மொழிபெயர்ப்பாளர்கள் நாகசாகியில் பரம்பரைக் குடிகளாக விளங்கினர். தலைமை மொழிபெயர்ப்பாளர், துணை மொழிபெயர்ப்பாளர், பயிற்சி நிலையினர் எனப் படிநிலைகள் இருந்தன. தொடக்கக் காலத்தில் இவர்கள் போர்த்துக்கீசிய மொழியையே பயன்படுத்தினர். டச்சு மொழி படிப்படியாகவே அதன் இடத்தைப் பெற்றது.

இவர்களது பணி வணிகம் சார்ந்தது. சரக்குப் பட்டியல், விலை, கப்பல் வருகை, ஐரோப்பியச் செய்தி ஆகியவற்றை மொழிபெயர்ப்பதே அன்றாடக் கடமை. அச்சரக்குகளுள் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகளும் அடங்கும். கோடிட்ட பருத்தித் துணி ஒன்றுக்கு ஜப்பானியத்தில் ‘சாந்தோமே’ என்னும் பெயர் வழங்குகிறது. இது மயிலாப்பூரை அடுத்த சாந்தோமின் பெயரே ஆகும். பொருளோடு பெயரும் செல்லும் என்பதற்கு இது சான்று. டச்சிலிருந்து ஜப்பானியத்தில் நிலைத்த சொற்களும் பெரும்பாலும் இத்தகையனவே. ‘பீரு’ (பீர்), ‘கோஹீ’ (காப்பி), ‘கராசு’ (கண்ணாடி), ‘புரிகி’ (தகரம்), ‘மெசு’ (அறுவைக் கத்தி) ஆகியவை பொருட்பெயர்கள். பெயர்ச்சொல் கப்பலேறி வந்துவிடும். பேச்சுத் தொடர் அவ்வாறு வருவதில்லை.

‘விரும்புதல்’ என்னும் சொல்

டச்சு வணிகத் தலைவர் எதோ நகருக்குச் சென்று ஷோகுனைக் கண்டு வணங்கும் பயணம் நெடுங்காலம் ஆண்டுதோறும் நிகழ்ந்தது. 1766-ஆம் ஆண்டுப் பயணத்தில் நிஷி ஸென்ஸபுரோ என்னும் மொழிபெயர்ப்பாளர் உடன் வந்தார். மருத்துவர்களான சுகித கென்பகுவும் மயெனோ ரியோதகுவும் அவரைச் சந்தித்து, டச்சு மொழி கற்க வழி கேட்டனர். அவர் கூறிய விடையைக் கென்பகு தம் முதுமையில், 1815-இல் எழுதிய ‘ரங்ககு கொதோஹஜிமெ’ என்னும் நினைவுக் குறிப்பில் பதிவு செய்துள்ளார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் எழுதப்பட்டமையால் அதனை நினைவின் சான்றாகவே கொள்ளுதல் வேண்டும். எனினும் அதன் கருத்து மொழியியல் நோக்கில் மதிப்பு மிக்கது.

நிஷியின் விளக்கம் இவ்வாறு அமைகிறது. ‘குடித்தல்’ என்பதற்குரிய டச்சுச் சொல்லை அறிவது எளிது. கிண்ணத்தை வாயருகே கொண்டு செல்வதுபோல் சைகை காட்டினால் டச்சுக்காரர் ‘ட்ரிங்கன்’ என்பார். மிகுதியாகக் குடிப்பவர், குறைவாகக் குடிப்பவர் என்னும் வேறுபாட்டையும் சைகையால் ஒருவாறு உணர்த்திவிடலாம். ஆயின் மிகுதியாகக் குடித்தும் அதனை விரும்பாதவர் உண்டு. சிறிதே குடித்தும் அதில் பெருவிருப்பம் உடையவர் உண்டு. விருப்பம் உள்ளத்தின் செயலாதலால் அதற்குச் சைகை இல்லை. விருப்பத்தைக் குறிக்க டச்சுக்காரர் ‘ஆன்ட்ரெக்கன்’ என்னும் சொல்லை ஆள்வதை அவர் இளமைமுதல் கேட்டு வந்தார். ஆனால் அதன் பொருள் ஐம்பது வயதை எட்டும் நிலையில், அந்தப் பயணத்தின்போதுதான் அவருக்கு விளங்கிற்று. ‘ஆன்’ என்பது ஒன்றை நோக்கிய நிலை. ‘ட்ரெக்கன்’ என்பது இழுத்தல். விரும்பும் பொருளை மனம் தன்பால் இழுக்கிறது என்பதே அதன் உட்பொருள்.

பரம்பரை மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கே ஒரு வினைச்சொல் விளங்க இத்தனை காலம் சென்றது எண்ணத்தக்கது. அச்சொல் ஆடை அணிதலையும் குறிக்கும் என்பது சிக்கலை மேலும் மிகுவிக்கும். டச்சு கற்பதைக் கைவிடுமாறு நிஷி அறிவுரை கூற, கென்பகு அதனை அப்போது ஏற்றுக்கொண்டார். அகராதி ஒன்றைத் தொகுக்க முற்பட்ட நிஷி, அம்முயற்சி முற்றுப்பெறும் முன்பே 1768-இல் மறைந்தார்.

கலைச்சொல் ஆக்கம்

கென்பகுவும் ரியோதகுவும் பிறரும் 1771-இல் எதோவில் நிகழ்ந்த பிண அறுவையை நேரில் கண்டனர். அங்குக் கண்ட உறுப்புகள் டச்சு நூலின் படங்களோடு ஒத்திருந்தமை அவர்களை வியப்பில் ஆழ்த்தியது. அந்நூலை மொழிபெயர்த்து 1774-இல் ‘கைதாய் ஷின்ஷோ’ என வெளியிட்டனர். மூலம் குல்முஸ் என்பாரின் உடற்கூற்று நூலின் டச்சு வடிவம். மொழிபெயர்ப்பு அமைந்ததோ செவ்வியல் சீன நடையில்.

அதன் முன்னுரையில் கென்பகு மூன்று முறைகளை வகுத்தார். வழக்கிலுள்ள சொல்லால் பெயர்த்தல் ஒன்று. பொருளறிந்து புதுச்சொல் ஆக்குதல் இரண்டாவது. ஒலியை அப்படியே எழுதுதல் மூன்றாவது. குருத்தெலும்புக்கு ‘மென்மையான எலும்பு’ என்னும் பொருளில் ‘நன்கொட்சு’ என்னும் சொல் இரண்டாம் முறையில் ஆக்கப்பட்டது. நரம்பைக் குறிக்கும் ‘ஷின்கெய்’ என்னும் சொல்லும் இந்நூலில் தோன்றியதே. இவ்விரண்டும் இன்றும் வழக்கில் உள்ளன.

இங்கு ஒரு வேறுபாடு தெளிவாகிறது. குருத்தெலும்பைச் சுட்டிக் காட்டலாம். படமும் உடலும் கண்முன் உள்ளன. சுட்டத்தக்க பொருளுக்குச் சொல் ஆக்குதல் அரிதாயினும் இயல்வதே. விருப்பம், நன்றி, வேண்டுதல், மறுத்தல் ஆகியவற்றைச் சுட்டிக் காட்ட இயலாது. மேலும் டச்சுத் தொடர் எழுவாயை வேண்டி நிற்க, ஜப்பானியத் தொடர் எழுவாயின்றியும் நிரம்பும். ஜப்பானியத்தில் வினைமுடிபே பேசுவோனுக்கும் கேட்போனுக்கும் உள்ள படிநிலையைக் காட்டும். ஆகவே ‘வா’ என்னும் ஒரு சொல்லைப் பெயர்ப்பதற்கும், யார் யாரிடம் கூறுகின்றனர் என்பதை மொழிபெயர்ப்பாளர் அறிந்திருத்தல் வேண்டும்.

இரு அகராதிகள்

அடுத்துத் தோன்றிய இரு அகராதிகளும் பிரான்சுவா ஹல்மா தொகுத்த டச்சு – பிரெஞ்சு அகராதியையே அடிப்படையாகக் கொண்டவை. ஆயின் அவற்றின் நோக்கு வேறுபட்டது.

முதலாவது, இனமுர சன்பகு முதலியோர் எதோவில் 1796-இல் நிறைவு செய்த ‘ஹருமா வகெ’. ஏறத்தாழ 64,000 சொற்கள் கொண்ட இதில் டச்சுச் சொற்கள் மர அச்செழுத்துகளால் அச்சிடப்பட்டன. ஜப்பானியப் பொருள் கையால் எழுதப்பட்டது. சுமார் 30 படிகளே உருவாயின. பொருள் கூறும் நடை எழுத்து வழக்கைச் சார்ந்தது.

இரண்டாவது நாகசாகியில் தோன்றியது. அங்கு வணிகத் தலைவராக இருந்த ஹென்ரிக் தூஃப் 1803 முதல் 1817 வரை பதவி வகித்தார். 1810-இல் நெதர்லாந்து பிரான்சுடன் இணைக்கப்பட்டது. 1811-இல் ஜாவா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1810 முதல் 1812 வரை தெசிமாவுக்கு ஒரு கப்பலும் வரவில்லை. வணிகம் நின்றுபோன அக்காலத்தில் தூஃப், மொழிபெயர்ப்பாளர்களின் துணையோடு அகராதிப் பணியைத் தொடங்கினார். பின்னர் 1816-இல் அது ஷோகுன் அரசின் ஆணை பெற்ற பணியாயிற்று. தூஃப் நாடு திரும்பிய பின்னும் மொழிபெயர்ப்பாளர்கள் பணியைத் தொடர்ந்து 1833-இல் முடித்தனர். ‘தூஃப் ஹருமா’ எனப்படும் இதில் சுமார் 50,000 சொற்கள் உள்ளன.

சொல்லெண்ணிக்கையில் இது முன்னையதினும் சிறியது. எனினும் இரு சிறப்புகள் இதற்கு உண்டு. ஒன்று, பொருள் கூற நாகசாகிப் பேச்சு வழக்கு கையாளப்பட்டது. மற்றொன்று, சொற்கள் தொடர்களில் வைத்துக் காட்டப்பட்டன. பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் பெரிதும் விலகி நின்ற மொழியில் பேச்சு வழக்கை அகராதிக்கு உரியதாக்கியது துணிவான முடிவு. இரட்டை வழக்கின் இயல்பறிந்த தமிழறிஞர்க்கு இதன் அருமை விளங்கும். மற்றொரு காரணமும் உண்டு. எதோ அறிஞர் நூலை நோக்கியே பொருள் தேடினர். நாகசாகியில் பேசுவோன் எதிரில் இருந்தான். ‘இதனை எப்பொழுது கூறுவீர்?’ என்று கேட்க இயன்றது. நிஷி காணாது தவித்த வழி இதுவே.

ஒகத கோஅன் 1838-இல் ஒசாகாவில் நிறுவிய தெகிஜுகு பள்ளியில் இவ்வகராதிக்கென்றே ஓர் அறை இருந்தது. மாணவர் பலர், அகராதிப் படியோ ஒன்று. படிப்புச் சோதனைக்கு முன் அவ்வறையில் மாணவர் நெருங்கிக் கூடினர். 1855-இல் அங்குச் சேர்ந்த ஃபுகுஸவ யுகிச்சி அவ்வாறு பயின்றவர்களுள் ஒருவர். 1855 முதல் 1858 வரை கத்சுரகவ ஹோஷூ இதனைத் திருத்தி ‘ஒராந்த ஜிஇ’ என அச்சிட்ட பின்னரே இது பரவலாகக் கிடைத்தது.

எதிர்த்திசை முயற்சி

ஜப்பானியத்தை டச்சுக்காரர் கற்கும் முயற்சி பிற்பட்டே வலுப்பெற்றது. 1855-இல் லைடனில் ஜப்பானிய மொழிப் பேராசிரியராக அமர்ந்த யோஹான் ஹோஃப்மன், ஜப்பானுக்கு ஒருமுறையும் சென்றதில்லை. அவர் 1861-இல் டச்சு, ஆங்கிலம், ஜப்பானியம் ஆகிய மும்மொழியில் கடை உரையாடல்களை வெளியிட்டார். மொழிப் பேராசிரியர் ஒருவர் வாங்குதல், விற்றல் பற்றிய தொடர்களை நூலாக்க முன்வந்தது, காலத்தின் தேவை மாறியதைக் காட்டுகிறது.

முடிவுரை

1853-இல் பெரியின் அமெரிக்கக் கப்பல்கள் உரகவுக்கு வந்தபோது, ஹோரி தத்சுனொசுகே என்னும் நாகசாகி மொழிபெயர்ப்பாளர் படகில் அணுகித் தமக்கு டச்சு பேச வரும் என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். தொடர்ந்த பேச்சில் டச்சு இடைமொழியாயிற்று. அவரே 1862-இல் வெளிவந்த ஆங்கில – ஜப்பானிய அகராதியின் தலைமைத் தொகுப்பாளர். ஆங்கில – டச்சு அகராதி ஒன்றின் டச்சுப் பகுதிக்கு மாற்றாக ஜப்பானியத்தை அமைத்து அது உருவாயிற்று. டச்சுச் சொல்லுக்கு முன்னோர் கண்ட ஜப்பானியப் பொருள் அங்குப் பயன்பட்டது. 1859-இல் யொகொஹாமா சென்ற ஃபுகுஸவ, தாம் கற்ற டச்சு அங்குப் பயன்படாதது கண்டு ஆங்கிலத்திற்கு மாறினார். டச்சின் செல்வாக்கு குறைந்தபோதும் அதன் வழியாகத் திரண்ட மொழிபெயர்ப்புப் பயிற்சி வீணாகவில்லை.

இவற்றால், கலைச்சொல்லை அறிஞர் தனித்திருந்தும் ஆக்க இயலும் என்பதும், அன்றாடத் தொடரின் பொருளைப் பேசுவோனிடமிருந்தே பெறுதல் வேண்டும் என்பதும் புலனாகின்றன. அகராதியின் வலிமை சொற்களின் எண்ணிக்கையில் மட்டும் அமைவதில்லை; சொல் வழங்கும் சூழலைக் காட்டுவதிலும் அமைகிறது. நிஷிக்கு விளங்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் சென்ற ‘விரும்புதல்’ போன்ற சொற்களை, அடுத்த தலைமுறை மாணவன் ஒரு பக்கத்தைப் புரட்டி அறியும் நிலையை ஏற்படுத்தியவர்கள் நாகசாகியின் மொழிபெயர்ப்பாளர்களே எனலாம்.