ஆபிரிக்கத் திரைப்படமும் அதனைக் காணும் மக்களும்

ஒரு கலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதனைப் படைத்தோரின் பெயர்களையும் படைப்புக்களின் ஆண்டுகளையும் நிரற்படுத்துவதோடு அமைந்துவிடுவர். திரைப்படத்தைப் பொறுத்தவரை இம்முறை போதாது. பெட்டியுட் கிடக்கும் படச்சுருள் மக்கள் கூடியிருந்து காணும்போதே உயிர்பெறுகின்றது. ஆகவே, காண்போர் யாவர், எங்கே காண்கின்றனர், எம்மொழியிற் கேட்கின்றனர் என்னும் வினாக்களும் வரலாற்று மாணவனுக்கு உரியனவே. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்க நாடுகளின் திரைப்பட வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

ஆபிரிக்க மக்கள் திரைப்படத்தை முதலிற் கண்டது பிறர் கைக்கருவியாகவே. 1939இல் பிரித்தானியர் நிறுவிய குடியேற்றநாட்டுத் திரைப்படப் பிரிவு, போர்முயற்சி, சுகாதாரம், வேளாண்மை ஆகியன பற்றிய படங்களை ஊர்திகளில் ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பியது. விரைந்து மாறும் காட்சிகள் ஆபிரிக்கருக்கு விளங்கமாட்டா என்னும் தப்பெண்ணத்தால் அப்படங்கள் மிக மெதுவாகச் செல்லுமாறு அமைக்கப்பட்டன. ஊர்தியுடன் செல்லும் விளக்கவுரையாளர் ஒருவர் படம் ஓடும்போது ஊர்மொழியில் அதன் பொருளை எடுத்துரைப்பார். ஆட்சியாளரின் படத்துக்கும் ஊராருக்கும் இடையே அவர் குரலே பாலமாயிற்று.

பிரெஞ்சு ஆட்சியின் வழி வேறு. 1934ஆம் ஆண்டின் லவால் ஆணையின்படி, அதன் ஆபிரிக்க நாடுகளிற் படம் பிடிக்க விரும்புவோர் அரசின் முன் அனுமதியைப் பெறுதல் வேண்டும். இன்று பெனின் எனப்படும் தகோமியிற் பிறந்து, பாரிசிலே திரைப்படக் கல்வி பயின்ற போலின் வியேரா, ஆபிரிக்காவிற் படமெடுக்க இசைவு கிடையாமையால், 1955இல் தம் தோழருடன் பாரிசில் வாழும் ஆபிரிக்கரைப் பற்றியே ஒரு குறும்படத்தை எடுத்தார். தம் மண்ணைப் படம்பிடிக்கும் உரிமைகூட அம்மண்ணின் மைந்தருக்கு எளிதிற் கிட்டவில்லை.

செனகல் நாட்டு உஸ்மான் செம்பேனின் வாழ்க்கை இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். 1923இற் பிறந்த அவர் மார்செய் துறைமுகத்தில் மூட்டை சுமந்து, பின்னர் பிரெஞ்சு மொழியில் நாவல்கள் எழுதிப் புகழ்பெற்றார். ஆயின், தம் நாட்டு மக்களிற் பெரும்பாலோர் அந்நாவல்களைப் படிக்கவியலாதவர் என்பதை உணர்ந்து, நாற்பது வயதை அணுகும் பருவத்தில் மொஸ்கோ சென்று திரைப்படக் கலையைக் கற்றார். 1963இல் தாக்கார் நகர வண்டிக்காரன் ஒருவனைப் பற்றிய குறும்படத்தையும், 1966இல் பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பணிப்பெண்ணைப் பற்றிய படத்தையும் வெளியிட்டார். அவ்விரண்டும் பிரெஞ்சு மொழியிற் பேசின. எழுத்திலே கண்ட குறை திரையிலும் தொடர்ந்தது.

1968இல் அவர் எடுத்த 'மண்டாபி' அக்குறையைப் போக்கியது. அச்சொல்லுக்குக் காசுக்கட்டளை என்பது பொருள். பாரிசிலிருக்கும் மருமகன் அனுப்பிய காசுக்கட்டளையை மாற்றுவதற்கு எழுத்தறியாத முதியவர் ஒருவர் கந்தோர் கந்தோராக அலைகிறார். அடையாள அட்டை இல்லை. அதனைப் பெறுதற்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஈற்றிற் படித்த உறவினன் ஒருவனிடம் ஏமாந்து பணத்தையும் இழக்கிறார். பிரெஞ்சு நிதியுதவி பெற்ற இப்படம் பிரெஞ்சு, வொலோப் ஆகிய இரு மொழிகளிலும் எடுக்கப்பட்டது. வொலோப் பேசும் மக்கள் தம் மொழியைத் திரையிலே கேட்டனர். செம்பேன் தம் படங்களை ஊரூராகக் கொண்டுசென்று காட்டி, முடிவிற் பார்த்தோருடன் உரையாடுவார். திரைப்படம் மக்களின் இராப்பள்ளி என்பது அவர் கொள்கை. 1977இல் அவரெடுத்த 'செட்டோ' செனகலிலே தடைசெய்யப்பட்டது. தலைப்பில் ஓரெழுத்தை இரட்டித்தது அரசின் எழுத்துக்கூட்டல் விதிக்கு மாறு என்பதே கூறப்பட்ட காரணம். மொழி அரசியலின் கூர்மைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

படங்கள் பிறந்தபோதும் படமாளிகைகள் பிறர் வசமே இருந்தன. முன்னாட் பிரெஞ்சு நாடுகளில் இரு பிரெஞ்சுக் கம்பனிகள் படங்களின் விநியோகத்தைத் தம் கையில் வைத்திருந்தன. உள்ளூர்த் திரைகளை அமெரிக்க, இந்திய, எகிப்தியப் படங்கள் நிரப்பின. 1970இல் மேல் வோல்ற்றா அரசு படமாளிகைகளை நாட்டுடைமையாக்கியது. அதற்கு முந்திய ஆண்டில் ஊவாகடூகு நகரிலே தொடங்கிய திரைப்பட விழா, அந்நாடு புர்கினா பாசோ எனப் பெயர் மாறிய பின்னரும் தொடர்கின்றது. மாலியைச் சேர்ந்த சுலைமான் சிசேயின் 'யீலன்' 1987இற் கான் விழாவிற் பரிசு பெற்றது. எனினும், இத்தகைய படங்கள் ஐரோப்பிய விழாக்களிற் பெற்ற இடத்தைத் தம் ஊர்த் திரைகளில் எளிதிற் பெறவில்லை.

இந்நிலையை மாற்றியது அரசன்று, சந்தையே. 1980களில் நைஜீரியாவின் நாணயம் வீழ்ந்தது. படச்சுருள் வாங்குதல் அரிதாயிற்று. இரவிலே நகரத்திற் செல்ல மக்கள் அஞ்சியமையாற் படமாளிகைகள் மூடப்பட்டன. கானாவில் அப்போதே வீடியோப் படங்கள் தோன்றியிருந்தன. 1992இல் கெனத் நெபுவே என்னும் வணிகர் தயாரித்த 'லிவிங் இன் பொண்டேஜ்' இக்போ மொழியிற் பேசியது. ஒளிநாடாவாகவே விற்பனைக்கு வந்த அப்படம் பெருவெற்றி பெற்றது. யொருபா நாடகக் குழுவினர் இவ்வழியிற் பெருகினர். நெடுங்காலம் இந்திப் படங்களிலே தோய்ந்திருந்த கானோ நகரத்து ஔசா மக்கள், அவற்றின் பாட்டையும் ஆட்டத்தையும் தழுவித் தம் மொழியிற் படமெடுத்தனர். இரவுக் காட்சிக்குச் செல்லாத பெண்கள் வீட்டிலிருந்தே படம் பார்த்தனர். 2006இல் நைஜீரியா 872 படங்களை வெளியிட்டு, எண்ணிக்கையில் இந்தியாவுக்கு அடுத்த இடத்தைப் பெற்றதாக யுனெஸ்கோ கணித்தது. உகண்டாவின் வீடியோக் கொட்டகைகளிலோ, பிறநாட்டுப் படங்களுக்கு லுகண்டா மொழியிற் கதைசொல்லும் உரைகாரர் தோன்றினர். பழைய ஊர்தி விளக்கவுரையாளரை அவர் நினைவூட்டுவர். ஆயின் இவரை அமர்த்தியது ஆட்சியன்று, கேட்போரின் விருப்பே.

2004 முதல் லாகோசிலே பேரங்காடிகளிற் புதிய திரைகள் எழுந்தன. அவற்றின் கட்டணம் ஏழை மக்களுக்கு எட்டாதது. ஆபிரிக்கா முழுவதிலும் ஏறத்தாழ 7,87,000 பேருக்கு ஒரு திரையே உண்டு என யுனெஸ்கோவின் 2021ஆம் ஆண்டறிக்கை கூறுகின்றது. எஞ்சியோருக்குத் தொலைக்காட்சியும் கைப்பேசியுமே படமாளிகைகள். நெற்பிளிக்ஸ் நிறுவனம் 2018இற் பெற்ற 'லயன்ஹார்ட்' என்னும் நைஜீரியப் படம், உரையாடலிற் பெரும்பகுதி ஆங்கிலம் என்பதால், மறு ஆண்டிலே ஒஸ்கார் பிறநாட்டுப் படப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற மொழியே அந்நாட்டின் ஆட்சிமொழி என்பது கருதப்படவில்லை. அதே ஆண்டில் மத்தி டியோப் வொலோப் மொழியில் எடுத்த 'அற்லாந்திக்' கான் விழாவின் இரண்டாம் உயர்பரிசைப் பெற்றது. 2024இல் அமேசன் நிறுவனம் ஆபிரிக்காவிற் புதுப் படங்களுக்கு முதலிடுவதை நிறுத்தியது.

இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இரு கம்பனிகள் பாரிசிலிருந்து முடிவு செய்தன. இன்று வேறு கம்பனிகள் வேறு நகரங்களிலிருந்து முடிவு செய்கின்றன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தம் மொழியில் தம் கதையைக் கேட்டுப் பழகிய மக்கட்கூட்டம் ஒன்று அன்று இல்லை, இன்று உண்டு. ஒளிநாடாக் காலத்திலே உருவாகிய அக்கூட்டத்தைப் பேணுவதே ஆபிரிக்கக் கலைஞருக்கு உற்ற துணையாகும். முதலீட்டாளர் வருவர், போவர். தன் மொழியைத் திரையிலே கேட்டு மகிழ்ந்த செவி அதனை மீண்டும் கேட்கவே விழையும்.